விரால் குஞ்சுகள் இரை எடுப்பதை ரசிப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாளில் நசரத்பேட்டையிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய்ப் பாருங்கள். முழுக் கொள்ளளவில் 24 அடி நிற்கும் ஏரியின் நடுப்பகுதி நமக்கு வேண்டாம். கரையோரத் தேக்கம், வாய்க்கால், கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். அங்கே ஒரு தட்டளவு இடத்தில் மட்டும் தண்ணீர் உலைபோல் தளதளவென்று கொதித்தால், அது விரால் குஞ்சுகளின் கூட்டம்.

உங்கள் நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்காருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நகர்வது தெரியும். அவை மேலே வருவதற்குக் காரணங்கள் இரண்டு. அவற்றைப் பிரித்தறியக் கண் பழகுவதில்தான் முழுச் சுவையும் இருக்கிறது. விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். மூச்சுக்கு வரும் குஞ்சு நேராக ஏறி, ஒரு வாய் காற்றைக் கவ்வி, உடனே இறங்கிவிடும். ஒன்று ஏறினால் பல சேர்ந்து ஏறும். இரைக்கு வருவதோ சாய்வாகத் திரும்பும், தண்டோரம் கொத்தும், சட்டென்று பக்கவாட்டில் பாயும். முதல் நாட்களில் அவை தின்பது கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் தண்ணீர்ப் பூச்சிகளும். கொஞ்சம் வளர்ந்ததும் கொசுப்புழு, சின்ன இறால். பிறகு மற்ற மீன்குஞ்சுகள். பசி மிஞ்சினால், தன்னைவிடச் சிறுத்துப்போன உடன்பிறப்பையே விழுங்கும்.

நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் ஹெச்.சி. வில்சன் அமைத்த பொரிப்பகத்தின் வழியே நம் மலைக்கு வந்த ட்ரவுட் மீனை நினைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் காட்சி இன்னும் துலங்கும். குளிர்ந்த ஓடையில் ட்ரவுட் குஞ்சு கல்லோரமாகத் தனக்கென ஓர் இடம் பிடித்து, நீரோட்டத்தை எதிர்த்து நின்றபடி, அடித்து வரும் பூச்சிகளை எடுக்கும். பக்கத்தில் இன்னொன்று வந்தால் விரட்டும். ஓடும் தண்ணீர் இரையைக் கொண்டுவந்து தருகிறது. நிற்கிற இடம்தான் சொத்து. நம் ஏரித் தண்ணீர் நின்ற தண்ணீர். இரை தானாக வராது. அதனால்தான் விரால் குஞ்சுகள் கூட்டமாகப் புறப்பட்டு, கோரைக்குக் கோரை மேய்ந்துகொண்டே போகின்றன. எனக்கு இந்த மேய்ச்சல்தான் பேரழகு.

கூட்டத்துக்கு அடியில் கறுப்பாக அசைவது காவல் விரால். பெரும்பாலும் ஆண். தவளையோ வேறு மீனோ நெருங்கினால் பாய்ந்து மோதும். ஓரிரு அங்குலம் வளர்ந்ததும் குஞ்சுகளின் நிறம் கறுத்துக் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே பார்க்கக் கிடைப்பது சில வாரங்கள்தான். பொரி, பிஸ்கெட் எதுவும் போடாதீர்கள். போட்டால் அவை இயல்பாக மேய்வதைப் பார்க்க முடியாது.

தூண்டில்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கொதிக்கும் அந்த இடத்துக்கு நடுவே தூண்டிலைப் போட்டால் காவல் விரால் கட்டாயம் கடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தச் சில வாரங்கள் மட்டும் அங்கே போடாதீர்கள். காவல் போய்விட்டால் கூட்டத்தைக் கெளுத்தியும் கொக்கும் விட்டுவைக்காது.