சபையார் பாட்டும் அதன் அளவுகோலும்: இலண்டன் பாப்டிஸ்டுச் சபையொன்றின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

சமயப் பாடல்களை ஆராய்வோர் பெரும்பாலும் இரு நெறிகளுள் ஒன்றைப் பின்பற்றுகின்றனர். ஒரு சாரார் பாட்டில் அமைந்த கொள்கையை மட்டும் நோக்குவர். மற்றொரு சாரார் சொல்நயமும் அணிநயமும் தேடி, அவை குறைந்தவிடத்து அப்பாட்டு இலக்கியமன்று என ஒதுக்குவர். பாடியவர் யாவர், எவ்விடத்துப் பாடினர், எம்முறையிற் பாடினர் என்னும் வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை. ஒருவர் தனித்திருந்து படித்தற்கு எழுந்த செய்யுளையும், நூற்றுக்கணக்கானோர் ஒருங்கு நின்று பாடுதற்கு எழுந்த செய்யுளையும் ஒரே கோலால் அளத்தல் பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள். இதனை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் வளர்ந்த பாப்டிஸ்டுச் சபையொன்றின் வரலாற்றில் உள்ளது. பாடலாமா என்னும் வினாவால் பிளவுண்ட சபை அது. பின்னர்ப் பாட்டுக்குப் பெயர்பெற்ற சபையும் அதுவே.

1. பாடாமைக்குரிய காரணங்கள்

பாப்டிஸ்டுகள் தொடக்கத்தில் பாட்டை ஐயுற்றமைக்குக் காரணம் இசையின்மீது கொண்ட வெறுப்பு அன்று. அவர்களுள் முன்னோடியாகிய ஜான் ஸ்மித், ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த காலத்தில், வழிபாடு உள்ளத்தினின்று நேரே எழுதல் வேண்டும் என்றும், புத்தகத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு செய்வது ஆவிக்குரிய வழிபாடு ஆகாது என்றும் 1608-இல் எழுதினார். பிறர் எழுதிவைத்த மன்றாட்டை வாய்ப்பாடமாகச் சொல்லுதல் தவறாயின், பிறர் யாத்த பாட்டைப் பாடுதலும் தவறேயன்றோ? இவ்வாறு ஒரு கொள்கையின் முறையான விளைவாகவே பாடாமை தோன்றியது.

இதனோடு வேறொரு காரணமும் சேர்ந்தது. 1689-இல் சமயப் பொறுமைச் சட்டம் நிறைவேறும்வரை, அரசுத் திருச்சபையை ஏற்காதோர் கூடி வழிபடுதல் ஒறுத்தற்குரிய குற்றமாகக் கருதப்பட்ட காலங்கள் பல இருந்தன. மறைவாகக் கூடியவர்கள் உரத்துப் பாடினால் தெருவிற் செல்வோர் அறிந்துவிடுவர். ஆகவே சில சபைகள் பாட்டைத் தவிர்த்தன. அச்சத்தால் வந்த அமைதி நாளடைவில் கொள்கையால் வந்த அமைதியோடு கலந்தது. சட்டம் வந்த மறு ஆண்டே பாட்டுப் பூசல் நூல்வடிவில் வெளிப்பட்டது என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

2. கீச்சும் மார்லோவும்

ஹார்ஸ்லிடவுன் என்னும் பகுதியிலிருந்த சபையின் போதகர் பெஞ்சமின் கீச் (1640–1704). இவர் தையல் தொழில் செய்தவர். சிறுவர்க்கென எழுதிய சமய நூலொன்றுக்காக 1664-இல் தண்டிக்கப்பட்டு, கழுத்தும் கைகளும் தண்டனை மரத்திற் பூட்டப்பெற்று ஊரார் முன் நிறுத்தப்பட்டவர். அந்நூலும் அவர் கண்முன்னே எரிக்கப்பட்டது. எழுதிய சொல்லுக்காகத் துன்புற்ற ஒருவரே பின்னர் எழுதிய பாட்டை வழிபாட்டிற் புகுத்தினார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கீச் இப்புதுமையை விரைந்து செய்தாரல்லர். இயேசுவும் சீடரும் இறுதி விருந்துக்குப் பின் பாடினர் என்னும் நற்செய்திக் குறிப்பைச் சான்றாகக் கொண்டு, 1673-ஐ ஒட்டித் திருவிருந்தின் முடிவில் மட்டும் ஒரு பாட்டைப் பாடுவித்தார். சில ஆண்டுகள் கழிந்தபின் நன்றியறிதல் நாட்களிலும் அவ்வழக்கத்தை ஏற்படுத்தினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின்னரே, 1690-களின் தொடக்கத்தில், ஞாயிறுதோறும் பாடுதலைச் சபையின் பெரும்பான்மையோர் ஏற்றனர். அப்பொழுதும் பாட்டு, வழிபாட்டின் இறுதி மன்றாட்டுக்குப் பின்னரே வைக்கப்பட்டது. உடன்படாதவர் அதற்குமுன் எழுந்து செல்லலாம் என்பது ஏற்பாடு. இத்துணைப் பொறுமை காட்டியும் இருபதின்மர் அளவினர் பிரிந்து சென்றனர். பாடாத சபையாக மேஸ் பாண்டுச் சபை தோன்றியது.

கீச்சை எதிர்த்து முதலில் நூல் எழுதியவர் ஐசக் மார்லோ என்னும் பாப்டிஸ்டு. 1690-இல் வந்த அவர் நூலின் வாதங்களைச் சுருங்கக் கூறின் அவை நான்காம். பாடுதலின் சாரம் உள்ளத்தின் மகிழ்ச்சியே, குரல் இன்றியமையாததன்று. ஆதித் திருச்சபையிற் பாடியவர் ஆவியின் தனிக்கொடை பெற்றுப் பாடினர். அக்கொடை இன்று இல்லை. முன்னரே யாத்த பாட்டு மனிதப் புனைவு. நம்பினோரும் நம்பாதோரும் ஆடவரும் மகளிரும் ஒருங்கு பாடுதல் சபை ஒழுங்குக்கு மாறானது.

கீச் 1691-இல் எழுதிய மறுப்புநூல் இவற்றுக்கு விடை கூறுகிறது. உள்ளத்து மகிழ்ச்சியே பாட்டாயின், உள்ளத்து எண்ணமே மன்றாட்டும் போதனையும் ஆகிவிடும். பின்னர்ப் போதகர் வாய் திறப்பது எதற்கு? போதகர் தம் உரையை முன்னரே ஆயத்தம் செய்கிறார். அதனால் அவ்வுரை ஆவிக்குரியதன்று என எவரும் கூறுவதில்லை. ஆயத்தம் செய்த உரை ஏற்கத்தக்கதாயின் ஆயத்தம் செய்த பாட்டு ஏன் ஆகாது? இவ்வாதம் வன்மையுடையது. எதிர்ப்பாளர் தாமே ஒப்புக்கொண்ட வழக்கத்தினின்று அவர்களை மறுக்கும் முறை இது.

எனினும் மார்லோவின் வாதம் முற்றும் வீழ்ந்துவிட்டதாக நாம் கருதவில்லை. உரையைக் கேட்பவன் அதனைத் தன் சொல்லாக ஏற்கவேண்டுவதில்லை, ஐயுறலாம், மறுக்கலாம். பாட்டைப் பாடுபவனோ பிறன் யாத்த 'நான்' என்னும் சொல்லைத் தன் வாயாற் கூறுகிறான். தான் பெறாத மகிழ்ச்சியைப் பெற்றதாகவும், தான் உணராத வருத்தத்தை உணர்ந்ததாகவும் அவன் பாட நேரலாம். உரைக்கும் பாட்டுக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் கீச்சின் ஒப்புமை தொடவில்லை. இருதரப்பும் கடுஞ்சொல் வீசியமையால் 1692-இல் கூடிய பாப்டிஸ்டுப் பேரவை இருவரையும் கடிந்து, அந்நூல்களைப் பரப்பாமல் நிறுத்துமாறு வேண்டிற்று. பூசல் அடங்கியதேயன்றி வினா அடங்கவில்லை.

3. கீச்சின் செய்யுள்

1691-இலேயே கீச் ஏறத்தாழ முந்நூறு பாட்டுக்கள் அடங்கிய தொகுதியொன்றையும் வெளியிட்டார். இவற்றின் யாப்புப் பெரும்பாலும் எட்டும் ஆறுமாக அசைகள் மாறி வரும் நான்கடிச் செய்யுள். (ஈண்டு அசையென்றது ஓர் உயிரொலியைக் கொண்ட ஆங்கில ஓசைக்கூற்றை, நேரும் நிரையுமாகிய நம் அசையை அன்று.) மக்கள் அறிந்திருந்த மெட்டுக்கள் சிலவே. இவ்வளவில் அமைந்த எச்செய்யுளையும் அம்மெட்டுக்களுள் ஒன்றிற் பாடலாம் என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

பிற்காலத் திறனாய்வாளர் இப்பாட்டுக்களை நயமற்றவை என எளிதில் தள்ளினர். அவர் காட்டும் குற்றங்கள் உண்மையே. இயைபுக்காகச் சொற்கள் இடம் மாறி நிற்கின்றன; அசைத் தொகையை நிரப்பப் பொருளற்ற சொற்கள் புகுகின்றன. ஆயினும் இவற்றினும் பெரியதொரு குறையை அவர்கள் சுட்டவில்லை. கீச் 1681-இல் விவிலிய உருவகங்களை வகுத்து விளக்கும் பெருநூல் ஒன்று எழுதியவர். அவர் பாட்டிலும் அதே முறை தொடர்கிறது. ஓர் உருவகத்தை எடுத்து அதன் கூறுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டுவது போதகர் உரைக்கு ஏற்ற முறை; கேட்போன் அமர்ந்து எண்ண இடமுண்டு. பாடுவோனுக்கு அவ்விடம் இல்லை. கீச்சின் பாட்டுக்கள் பல, யாப்பிற் கட்டிய உரைகளே. சபையாருக்குக் குரல் வேண்டும் என வாதாடிய அவரே, அக்குரலுக்குப் போதகரின் சொற்களைக் கொடுத்துவிட்டார். வாதத்தில் வென்றவர் செய்யுளில் தோற்றார் எனல் மிகையன்று.

4. வாட்ஸ் கண்ட விடை

மார்லோவின் வினாவுக்குச் சமயவாதத்தால் அன்றிச் செய்யுளாக்கத்தால் விடை கண்டவர் ஐசக் வாட்ஸ். இவர் பாப்டிஸ்டு அல்லர்; சுயாதீனச் சபையைச் சார்ந்தவர். 1707-இல் வெளிவந்த இவர் தொகுதியின் மூன்றாம் பகுதி திருவிருந்துக்கே உரியது. கீச் தொடங்கிய அவ்விடமே இவருக்கும் ஓர் இடமாயிற்று.

அக்காலத்தில் சபையாரிற் பலர் படிக்க அறியாதவர், நூல்களும் போதா. ஒருவர் ஓர் அடியைப் படிக்க, சபையார் அதனைப் பாடுவர். மீண்டும் அவர் அடுத்த அடியைப் படிப்பர். இம்முறையில் பொருள் அடியிடையே முறிந்து அடுத்த அடிக்கு ஓடுமாயின், பாடுவோர் பொருளற்ற துண்டையே பாட நேரும். வாட்ஸ் இதனை உணர்ந்து, பெரும்பாலும் ஒவ்வோர் அடியும் பொருள் முற்றி நிற்குமாறு யாத்தார். இப்படிப்பு முறையைக் கருதியே அவ்வாறு செய்ததாக முன்னுரையிற் கூறியும் உள்ளார். எளியோர்க்கு விளங்குமாறு அணிகளையும் அடக்கினார். அறியாதார் இதனைக் கற்பனை வறட்சி என்பர். நாம் இதனைப் பயன் அறிந்து செய்த துறவு என்போம். யாவரும் மெய்யாகச் சொல்லத்தக்கதை மட்டும் சொல்லுதல் என்னும் வரம்பை ஏற்றுக்கொண்டமையாலேயே 'நான்' என்னும் சொல் அவர் பாட்டிற் பலர்க்கும் பொதுவாயிற்று.

5. பாட்டும் பணியும்

ஹார்ஸ்லிடவுன் சபை 1720-இல் ஜான் கில்லைப் போதகராகப் பெற்றது. 1729-இல் அச்சபை ஏற்ற அறிக்கை, வாயாற் பாடுதல் நற்செய்தி நியமம் என்கிறது; காலமும் இடமும் முறையும் அவரவர் உரிமைக்கு விடத்தக்கன என்றும் சேர்த்துக் கூறுகிறது. பழைய பிளவின் வடு இவ்விரண்டாம் கூற்றில் தெரிகிறது. பிரிந்து சென்ற மேஸ் பாண்டுச் சபையும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பாடத் தொடங்கிற்று.

கில்லுக்குப் பின்வந்த ஜான் ரிப்பன் 1787-இல் வாட்ஸின் நூலுக்குத் துணையாக ஒரு தொகுதியை வெளியிட்டார். அவர் பிறர் பாட்டுக்களைத் திருத்தவும் தயங்கவில்லை. எட்வர்டு பெரனெட்டின் புகழ்பெற்ற பாட்டொன்று ரிப்பன் மாற்றியும் கூட்டியும் தந்த வடிவிலேயே பரவியது. பாடபேதம் ஆராய்வோர் இதனைக் குற்றமெனலாம். சபையார் வாய்க்கு ஏற்பச் சொல்லை மாற்றும் உரிமை தொகுப்பாளருக்கு உண்டென்பது அவர் கருத்துப் போலும். அதே சபையின் போதகராக 1854-இல் வந்த ஸ்பர்ஜன், 1866-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களைத் தொகுத்தபோது, இயன்றவரை ஆசிரியர் எழுதிய மூலவடிவையே தர முயன்றார்.

ஸ்பர்ஜன் காலத்தில் அச்சபை மெட்ரோபாலிட்டன் டேபர்நாக்கிள் என்னும் பெருமன்றத்துக்கு 1861-இல் குடிபுகுந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடிய அம்மன்றத்தில் அவர் ஆர்கன் இசைக்கருவிக்கு இடம் தரவில்லை. முன்பாடி ஒருவர் தொடங்க, மக்கள் பாடினர். கருவி மக்கள் குரலுக்குப் பதிலாக நின்றுவிடும் என்பது அவர் அச்சம். மார்லோ பாட்டை மறுத்தவர். ஸ்பர்ஜன் பாட்டைப் பெருக்கியவர். ஆயினும் இருவர் அச்சமும் ஒன்றே: வழிபடுவோனுக்குப் பதிலாள் ஒருவன் வந்துவிடலாகாது. அப்பதிலாள் மார்லோவுக்குப் புலவன், ஸ்பர்ஜனுக்குக் கருவி.

அச்சபையின் பிற பணிகளையும் இந்நோக்கோடு இணைத்துக் காணலாம். முறையான கல்வி வாய்ப்பற்றோரும் போதகராதற்கு 1856-இல் தொடங்கிய கல்லூரி, வீடுதோறும் நூல் கொண்டுசெல்வோர்க்கென 1866-இல் அமைந்த சங்கம், 1867-இல் நிறுவப்பெற்ற ஸ்டாக்வெல் அனாதை இல்லம் என்பவை அவை. சொல்லைச் சிலர் கையில் விடாமல் பலர்க்கும் உரியதாக்குதல் இவற்றுள் முதலிரண்டன் நோக்கம் என்பது வெளிப்படை.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால், சபையார் பாட்டின் தகுதியை அணிநயத்தால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பது பெறப்படும். ஒருமுறை கேட்ட அளவில் அடி பொருள் தருகின்றதா, பாடுவோன் அதனைப் பொய்யின்றித் தன் சொல்லாக ஏற்க இயலுமா என்பனவே அதற்குரிய முதல் அளவைகள். அவற்றால் அளந்தாலும் கீச்சின் செய்யுள் குறையுடையதே; ஆனால் அக்குறை இன்னதென நாம் சரியாக அறிகிறோம். வாட்ஸின் எளிமையும் குறையாகத் தோன்றாது, கருதிச் செய்த அமைப்பாகத் தோன்றும்.

இவ்வளவைக்கு ஒரு விலையும் உண்டு. யாவரும் சொல்லத்தக்கதை மட்டும் சொல்லும் பாட்டில், ஒருவனே சொல்லத்தக்க தனியனுபவத்துக்கு இடம் குறைகிறது. அதனைத் தனிப்பாடலில் தேடுதல் வேண்டும். இறுதி மன்றாட்டுக்குப் பின் எழுந்து வெளியேறியோரைப் பிடிவாதக்காரர் என்று மட்டும் எண்ணுதல் தகாது. தம் உள்ளத்தில் இல்லாத சொல்லைத் தம் வாயாற் கூற மறுத்தவர் அவர்கள். அம்மறுப்பை மனத்திற் கொண்டே சபையார் பாட்டை யாப்பவனும் ஆராய்பவனும் தத்தம் பணியைச் செய்தல் வேண்டும்.