வாடகை பெட்டிக்குத்தான்

கொல்லிமலைச் செம்மேட்டில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 இரு நாளும் வல்வில் ஓரி விழா. அரசு நடத்துவது. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, பள்ளிப் பிள்ளைகளின் நடனம், மலையாளிப் பழங்குடி மக்களின் சேர்வையாட்டம், நடுநடுவே தலைவர்களின் பேச்சு. விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓரியின் வில்லில் தொடங்கி மலர்க் கண்காட்சியில் முடித்துவிடுவார்கள். ஜெனரேட்டரையும் விளக்கு மாட்டும் ட்ரஸ் கம்பிகளையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆடிச் சாரலில் நனையாமல் தார்ப்பாய் போர்த்தி, விடிய விடியக் காவல் கிடக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஒலி நன்றாக இருந்தால் கைத்தட்டல் பாடகருக்குப் போகும். மைக் ஊளையிட்டால் மட்டும் மொத்தக் கூட்டமும் இவர்கள் பக்கம் திரும்பும்.

இவர்களில் பெரும்பாலோர் தொழில் கற்ற இடம் மைக் செட் கடை. சேர விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பையன், தெரிந்த அண்ணன் ஒருவரோடு ஒரு கோயில் திருவிழாவுக்குப் போவான். சாப்பாடும் பேட்டாவும் உண்டு. தொடக்கத்தில் பெட்டி தூக்குவதும் ஒயர் சுற்றுவதும்தான் வேலை. நல்ல கடையாக இருந்தால், மைக் ஒயரை முழங்கையில் சுற்றுகிறவனுக்குத் திட்டு விழும். ஒரு வளையம் நேராக, அடுத்தது புரட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கேறி அறுந்துபோகாது. அப்புறம் கம்பம் கட்டுவது, லைட் மாட்டுவது, ஜெனரேட்டரில் இணைப்புக் கொடுப்பது. மிக்ஸரைத் தொட வருடக்கணக்கில் ஆகலாம். முதலாளி டீ குடிக்கப் போன நேரத்தில் தொட்டுப் பார்த்துத் தேறியவர்களும் உண்டு.

கல்லூரி வாசலுக்கு வெளியே நடக்கிற படிப்பு என்பதால் இதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு மைதானத்தில் இறங்கியதும் அனுபவசாலி முதலில் அண்ணாந்து பார்ப்பார். ட்ரஸ் ஏறப்போகிற உயரத்தில் மின்கம்பி போகிறதா என்று. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் மாவட்டம் களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அப்படி அண்ணாந்து பார்ப்பதன் மதிப்பு அவ்வளவு. இன்னொன்று நியூட்ரல். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் ஒயர் கழன்றுவிட்டால், 230 வோல்ட்டில் ஓட வேண்டிய பொருள்களுக்கு 400 வோல்ட் வரை ஏறும். ஆம்ப்ளிஃபயர்கள் வரிசையாகப் புகையும். அந்தப் புகையை ஒருமுறை பார்த்தவன் ஆயுளுக்கும் நியூட்ரல் முறுக்கை இழுத்துப் பார்க்காமல் மெயின் போடமாட்டான். எந்தப் பாடநூலும் இந்தப் பயத்தை இப்படி ஊட்டாது.

நம் மேடைக்கு இந்த முறை புதிதும் கிடையாது. பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுக்களில் சேர்ந்த சிறுவர்கள் பாட்டும் வசனமும் கற்றது கம்பெனியில்தான். திரை இழுத்தவர்களும் காட்சி ஜோடனை செய்தவர்களும் தொழில் கற்றது அங்கேதான். கன்னையா கம்பெனியின் பிரம்மாண்டக் காட்சிகளும், நவாப் ராஜமாணிக்கத்தின் மேடைத் தந்திரங்களும், 1954-இல் நேஷனல் தியேட்டர்ஸ் தொடங்கிய ஆர்.எஸ். மனோகரின் மாயாஜாலங்களும் வந்த வழி அதுவே. தில்லியில் தேசிய நாடகப் பள்ளி தொடங்கியதே 1959-இல்தான். அதே ஆண்டு கல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குவதை விளக்கொளியாலேயே காட்டினார் தாபஸ் சென். கையில் கிடைத்த சாமான்களை வைத்து ஒளி அமைப்பதில் அவர் பேர்போனவர்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. கம்பெனியில் திரை இழுத்தவனுக்கு நாடகம் மனப்பாடம். தாபஸ் சென் நாடகத்தை அறிந்து ஒளி அமைத்தவர். இன்றைய மைக் செட் பையன் நிகழ்ச்சியைப் பார்ப்பதே நிகழ்ச்சியன்றுதான். மேடையில் என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை; சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

கடைப் படிப்பின் முதல் குறை, அது மருந்தைக் கற்றுக்கொடுக்கும், நோயைக் கற்றுக்கொடுக்காது. ஸ்பீக்கரில் ‘ஹ்ம்’ என்று இரைச்சல் வருகிறது. இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த் ஆகியிருப்பதால் வருவது அது. பல இடங்களில் இதற்குச் செய்யும் வைத்தியம், பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடுவது. இரைச்சல் நின்றுவிடும். கருவிக்குள் ஏதாவது ஓர் ஒயர் அதன் உலோக உடம்பில் பட்டால், ஈரமேடையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடித்து நிற்கிற பாடகியின் வழியாகத்தான் மின்சாரம் தரைக்குப் போகும். சிக்னல் ஒயரின் பக்கம் எர்த்தைப் பிரிக்க டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே சுற்றை அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. இரண்டும் விலை அதிகமான பொருள்கள் இல்லை. ஆடி மாதத்தில் பனிமூட்டமும் தூறலும் வருகிற ஒரு மலையில் இவை இல்லாமல் மேடை போடுவது துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

லைட் பக்கமும் இதே கதை. எல்.இ.டி. பார் விளக்குகளை, அவற்றைக் கட்டுப்படுத்தும் டி.எம்.எக்ஸ். ஒயரில் கோத்து வரிசையாக மாட்டுகிறார்கள். கடைசி இரண்டு விளக்கு தானாகத் துடிக்கும். ‘கடைசி லைட் ஆடுது’ என்பான் பையன். ஒயரை மாற்றுவான், வரிசையை மாற்றுவான், சில சமயம் சரியாகும். டி.எம்.எக்ஸ். ஒயருக்குப் பதிலாக மைக் ஒயரைப் போட்டிருப்பதும், வரிசையின் கடைசியில் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த பிளக் இல்லாததும்தான் பெரும்பாலும் காரணம். அந்த ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒயரின் முனையில் மோதும் சிக்னல் திரும்பிவந்து குழப்புகிறது என்று ஒருவர் ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் போதும். விளக்க ஆள் இல்லை, ஏனென்றால் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவருக்கும் விளக்கியவர் இல்லை.

இதெல்லாம் தீர்க்கக்கூடிய குறைகள். எளிதில் தீராத ஒன்று இருக்கிறது, மற்ற குறைகளுக்கு வேரும் அதுதான்: இந்தத் தொழிலில் வாடகை பெட்டிக்கு, ஆளுக்கு இல்லை. விழாக் குழு கேட்பது ‘எத்தனை பேஸ், எத்தனை டாப், எத்தனை ஷார்ப்பி லைட்?’ கொட்டேஷனில் கருவிகள் வரிசையாக இருக்கும். அவற்றை இயக்குகிறவர் ‘ஆபரேட்டர் உட்பட’ என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடுவார். பெட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் பெட்டி கத்துவதைக் கேட்க விரும்புகிறார்கள். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம்தான் தெரியும். திறந்தவெளியில் கேட்கிறவர் பெட்டியிலிருந்து இருமடங்கு தூரம் தள்ளிப்போனால் குறைவதோ 6 டெசிபல். ஆகவே மேடை ஓரத்தில் எட்டுப் பெட்டி அடுக்குவதைவிட, நான்கை அங்கே வைத்து, இரண்டைக் கூட்டத்தின் நடுவில் வைத்து, அந்த இரண்டுக்கும் ஒலியைச் சற்றுத் தாமதித்து அனுப்பினால் கடைசி வரிசைவரை பேச்சு தெளிவாகப் போகும். 34 மீட்டருக்குப் பத்தில் ஒரு நொடி, கணக்கு அவ்வளவுதான். இதைச் சொல்லும் ஆபரேட்டர் தன் முதலாளியின் வாடகையில் இரண்டு பெட்டியைக் குறைக்கிறார். எந்த முதலாளி அவரை வைத்துக்கொள்வார்?

இந்தக் கணக்கு கலையை என்ன செய்கிறது என்பதைத் தெருக்கூத்தில் பார்க்கலாம். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கங்களில் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. முன்பு தொண்டையை மட்டும் நம்பிய கூத்தாடி இப்போது மேலிருந்து தொங்கும் மைக்குகளை நம்புகிறார். மைக் கிழவிக்கும் குழந்தைக்கும் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது உண்மை. விடியவிடியப் பாடும் குரலைக் காப்பாற்றியதும் உண்மை. கூடவே களம் சுருங்கிவிட்டது. கிறுக்கி போட்டுச் சுழன்று வந்தவர் வசனம் வந்ததும் மைக்கின் கீழ் ஓடிவந்து நிற்கிறார். முகவீணை இயல்பிலேயே கீச்சென்று உச்சத்தில் ஒலிக்கிற வாத்தியம். பாட்டுக் கச்சேரிக்கு வைத்த அதே அளவில் ‘ட்ரெபிள்’ திருகப்பட்டிருந்தால் முகவீணை காதைக் குத்தும், வசனம் அதில் மூழ்கும். கூத்து தெரிந்த ஒருவர் மிக்ஸரில் இருந்தால் செய்ய வேண்டியது இரண்டு திருகல். அந்த ஒருவரைத்தான் வாடகைப் பட்டியலில் காணோம்.

ஒளியிலும் லாபமும் நஷ்டமும் சேர்ந்தே வந்திருக்கின்றன. பழைய பார் 64 விளக்கு ஒன்று 1000 வாட்ஸ். பன்னிரண்டு மாட்டினால் 52 ஆம்பியர் இழுக்கும். இன்று 54 எல்.இ.டி. பதித்த விளக்குகள் பன்னிரண்டு மாட்டினாலும் எல்லாம் சேர்ந்து 2 கிலோவாட்டைத் தாண்டாது. மலைமேல் விழா போடுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை: ஜெனரேட்டர் சின்னது, டீசல் கொஞ்சம், ஒயர் மெல்லிது. மிச்சமான மின்சாரத்தை வைத்து என்ன செய்தார்கள் என்றால், இன்னும் நிறைய விளக்கு மாட்டினார்கள். பலதும் பார்வையாளர் கண்ணைப் பார்த்துச் சுழல்கிறது. ஆடுகிறவர் முகம் இருட்டில். தூண்நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே இருக்கிறது. இன்றைக்கு ட்ரஸ் காலின் நிழல் ஓரத்து நடனக்காரியின் மேல் நிற்கிறது.

ஆளுக்கு விலை இல்லாத தொழிலில் ஆளின் உடம்புக்கும் விலை இல்லை. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் காது தாங்கலாம் என்பது தொழில்நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். பேஸ் பெட்டியின் பின்னால் படுத்துத் தூங்குகிற பையன்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேடிக்கையாக இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் போலீஸுக்கும் விழாக் குழுவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதும் இந்தப் பையன்தான்.

சரி, படிப்பைக் கொண்டுவந்தால் போதுமா? கொல்லிமலையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவனுக்கு எர்த் ஏன் வேண்டும் என்று தெரியும், மேடை தெரியாது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் படிக்கிறவர்களுக்கு ஒளியின் பொருள் தெரியும். சாரலில் ட்ரஸ் ஏற்றத் தெரியாது. கடைக்காரருக்குக் களம் தெரியும், காரணம் தெரியாது. மூன்று பேரும் ஒரே மேடையில் சந்திக்க ஏற்பாடே இல்லை. அதற்காக, சான்றிதழ் இல்லாதவன் மேடை ஏறக் கூடாது என்று ஒரு விதி போட்டால் முதலில் வெளியே போவது, காசில்லாமல் இந்தத் தொழிலுக்குள் வர முடிந்த பையன்தான். கடையின் ஆகப்பெரிய நற்குணமே அந்தத் திறந்த கதவு. மின் இணைப்புக்கு மட்டும் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. மற்றதை ஆறு மாத மாலை வகுப்பில், மழையில்லாத மாதங்களில், கடைக்காரர்களையே ஆசிரியர்களாக வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அதற்கும் முன்னால் கொட்டேஷன் மாற வேண்டும். கருவிக்கு ஒரு தொகை, ஒலி ஆபரேட்டருக்கு ஒரு தொகை, ஒளி ஆபரேட்டருக்கு ஒரு தொகை, முந்தைய நாள் ஒத்திகைக்கு ஒரு தொகை என்று தனித்தனி வரியாக. தனியார் விழாக் குழுவிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அரசு விழாவில் ஒரு சுற்றறிக்கை போதும். அப்படி ஒத்திகைக்கு வந்து உட்காருகிற ஆபரேட்டர், சேர்வையாட்டத்தின் வட்டத்தையும் அடவையும் பார்த்துவிட்டு, ‘மேளத்துக்கு ஒரு மைக் போதும் சார், மீதியை எடுத்துடலாம், லைட்டையும் சுழல விட வேண்டாம்’ என்று சொல்லக்கூடும். இன்றைய ஏற்பாட்டில் அப்படிச் சொன்னால் பில்லில் நாலு மைக் குறையும். அதனால் அவர் சொல்வதில்லை.