முதுகுக்குப் பின்னால் கடல் சிங்கம்

வெளிநாடு போய் வந்த தமிழர் எழுதும் பயணக் கட்டுரைக்கு ஓர் அச்சு உண்டு. விசா வாங்கிய கதை, விமானத்தில் கொடுத்த காய்ந்த ரொட்டி, ஏர்போர்ட்டின் சுத்தம், இட்லி கிடைத்த தெரு, எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஒரு பெருமூச்சு. கடற்கரைக்கு வந்ததும் மட்டும் பேனாவுக்கு அவசரம். 'கடல் சிங்கங்கள் கொள்ளை அழகு' என்று ஒரே வரி. கூடவே ஒரு போட்டோ. முன்னால் ஸ்வெட்டரில் மாமாவும் மாமியும், முதுகுக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ ஒன்று. அது கடல் சிங்கமா, சீலா? படமும் சொல்லாது, கட்டுரையும் சொல்லாது. (காது மடல் வெளியே தெரிந்து, துடுப்பை ஊன்றி நடந்தால் கடல் சிங்கம். காது வெறும் துளையாக இருந்து, வயிற்றால் தவழ்ந்தால் சீல். அவ்வளவுதான்.)

ஏ.கே. செட்டியார் 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய நாளில் கடல் கடந்தவர்கள் கொஞ்சம் பேர். வாசகனுக்கு ஊரைக் காட்டினாலே போதும். மணியன் ஆனந்த விகடனில் 'இதயம் பேசுகிறது' எழுதியபோதும் ஏறக்குறைய அதே நிலைமைதான். இன்றைக்குத் தெருவுக்கு இரண்டு வீட்டில் பிள்ளை மெல்போர்னிலோ கலிஃபோர்னியாவிலோ இருக்கிறான். ஊரைக் காட்டுவது பழைய வேலை. பார்த்ததைப் புரிய வைப்பதுதான் பாக்கி.

சான் ஃபிரான்சிஸ்கோவின் 'பியர் 39' நம்மவர்கள் தவறாமல் போகிற இடம். 1989 அக்டோபரில் அங்கே பூகம்பம். அதற்குப் பிறகு படகுத்துறையின் மிதவைகளில் கடல் சிங்கங்கள் வந்து படுக்க ஆரம்பித்தன. நாற்றம், இரைச்சல் என்று படகுக்காரர்கள் புகார் செய்தார்கள். கடைசியில் இடத்தை விட்டுக்கொடுத்தது படகுகள்தான்.

மெல்போர்னிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஃபிலிப் தீவு. உலகின் மிகச் சிறிய பென்குயின், ஓரடி உயரம், சுமார் ஒரு கிலோ எடை, இருட்டியதும் கூட்டம் கூட்டமாகக் கரையேறி வளைக்குப் போகும். அது நடக்கிற சம்மர்லேண்ட் முனையில் ஒரு காலத்தில் வீட்டு மனைகளும் வீடுகளும் இருந்தன. 1985-ல் தொடங்கி 2010 வரை அரசாங்கம் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, வீடுகளை அகற்றி, நிலத்தைப் பென்குயினுக்கே கொடுத்துவிட்டது. நான் படித்த கட்டுரைகளில் டிக்கெட் விலை இருக்கிறது, குளிர் இருக்கிறது, போட்டோ எடுக்க விடவில்லையே என்ற அங்கலாய்ப்பு இருக்கிறது. ஒரு குடியிருப்பே காலியான இந்தக் கதை மட்டும் இல்லை.

இதைவிட மோசம், நெருக்கத்தைப் புகழ்வது. இலங்கையின் மிரிஸ்ஸ கடலில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் போனவர்கள், 'எங்க படகோட்டி கெட்டிக்காரர், பக்கத்திலேயே கொண்டு போயிட்டார்' என்று மகிழ்ந்து எழுதுகிறார்கள். மூச்சு வாங்க மேலே வரும் பிராணியைப் படகுகள் சூழ்வதில் என்ன கெட்டிக்காரத்தனம்? அந்தத் திமிங்கிலங்களுக்கு ஏற்கெனவே சரக்குக் கப்பல் மோதும் ஆபத்து வேறு. 2022-ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கம்பெனி அவற்றுக்காகத் தன் பாதையைத் தெற்கே தள்ளிக்கொண்டது. கப்பலே விலகுகிறது, சுற்றுலாப் படகு நெருங்குகிறது.

கடலுக்கு மேலே சுமார் ஆறாயிரம் அடியில், கட்டபெட்டில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் என்ன பேச்சு என்று கேட்கலாம். இங்கே தேயிலைக்குள் காட்டெருமை வரும். கொழுந்து பறிக்கிற அக்காமார் பார்ப்பார்கள், சத்தம் போடாமல் வேறு பக்கம் நகர்வார்கள், அது போனதும் வேலையைத் தொடர்வார்கள். கோத்தகிரி ரோட்டில் வரும் சுற்றுலாக் கார் அப்படியல்ல. நிறுத்தி, ஹாரன் அடித்து, இறங்கி, அதற்கு முதுகைக் காட்டி செல்ஃபி. அதே மனிதர் ஃபிலிப் தீவில் போனைப் பையில் போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்காருவார். ஆகவே இது தெரியாத்தனம் இல்லை. அங்கே கேட்பார் இருக்கிறார்கள், இங்கே இல்லை. முட்டு வாங்கினால் பழி என்னவோ மாட்டுக்கு.

கடலோர உயிர் பார்க்க விசாவே தேவையில்லை என்பது இன்னொரு விஷயம். சென்னை பெசன்ட் நகர் கரையில் சித்தாமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் மணலில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பென்குயினுக்கு உருகி நாலு பக்கம் எழுதினவர்கள் இதற்கு ஒரு பாரா எழுதியிருக்கலாம்.

தமிழில் எழுத வராது என்ற சாக்கும் செல்லாது. சு. தியடோர் பாஸ்கரன் பறவையையும் விலங்கையும் பெயர் சொல்லி, நல்ல தமிழில், நமக்குப் புரிகிற மாதிரி எழுதிக் காட்டிவிட்டார்.

அடுத்த தடவை மெல்போர்ன் போகிறவர்கள் தயவுசெய்து இதையெல்லாம் எழுதுங்கள்: பென்குயின் எந்நேரம் கரையேறியது, வளையில் குஞ்சு காத்திருந்ததா, நீங்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தீர்கள். டிக்கெட் விலையை நாங்களே இன்டர்நெட்டில் பார்த்துக்கொள்கிறோம்.