மழவர்: சொல்லும் ஊரும்

'மழ' என்னும் உரிச்சொல்லுக்கு இளமை என்று பொருள் தருகிறது தொல்காப்பியம். சங்கப் பாடல்களிலோ மழவர் ஆநிரைப் பூசலில் ஈடுபடும் வில்வீரர். இளமைச்சொல் வீரரைக் குறிப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தின் 'நைட்' என்ற சொல்லும் முதலில் சிறுவனையே குறித்தது.

அரியலூர் மாவட்டத் திருமழபாடியின் பெயருக்கு, சிவன் மழுவேந்தி ஆடிய 'மழுவாடி' என்று தலபுராணம் விளக்கம் கூறும். ஆயினும் சுந்தரர் தேவாரத்தில் உள்ள வடிவம் 'மழபாடி'. கொள்ளிடத்தின் வடகரை மழநாடு எனப்பட்டது. அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயர் என்ற பட்டம் தாங்கினர். எனவே 'மழவர் பாடி' என்பதே பொருந்தும்.

அதற்காகச் சங்க கால மழவர் அனைவரையும் இப்பகுதியினர் என்று கொள்ள இயலாது. தகடூர் அதியமானும் கொல்லிமலை ஓரியும் மழவர் தலைவர்களாகவே பாடப்பட்டுள்ளனர்.