துப்பறி புதிர்க் கதையும் அகச்சான்றும்

இலக்கிய ஆராய்ச்சியுடையார் பெரிதும் பொருட்படுத்தாத எழுத்து வகை ஒன்று உண்டு. இரண்டு மூன்று பக்கங்களில் ஒரு குற்றம் சொல்லப்படும். ஐயத்திற்குரியார் சிலர் பேசுவர். துப்பறிவோன் ஒருவன் யாவற்றையும் கேட்டுவிட்டு, ‘குற்றம் செய்தவர் இவரே’ என்பான். அவன் எங்ஙனம் அறிந்தான் என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை. அவ்விடத்தே கதை நின்றுவிட, படிப்போரை நோக்கி வினா எழும். விடை நூலின் இறுதியில் தனியே வைக்கப்பட்டிருக்கும். இதனைத் துப்பறி புதிர்க் கதை என இக்கட்டுரையில் வழங்குவோம். நெடிய துப்பறியும் புதினங்களையே இலக்கியம் எனக் கொள்ளத் தயங்குவோர், இவற்றைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்குதல் இயல்பே. ஆயினும் தமிழாராய்ச்சி மாணவர்க்கு இவை அயலானவை அல்ல. நூலினகத்தே கிடக்கும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அந்நூலின் காலத்தையும் மெய்ம்மையையும் துணிதல் நம் தொழில். இக்கதைகள் செய்வதும் அதுவே. அதனை எவ்வளவு செவ்விதாகச் செய்கின்றன என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வகையின் வரலாறு நெடியதன்று. எட்கார் ஆலன் போ 1841-இல் துப்பறியும் கதைக்கு வித்திட்டார் என்பர். எனினும், படிப்போரும் விடை காணல் வேண்டும் என்னும் கொள்கை 1920-ஆம் ஆண்டுகளின் இறுதியிலேதான் வலுப்பெற்றது. 1928-இல் அமெரிக்கரான வான் டைன் இருபது விதிகளும், 1929-இல் ஆங்கிலேயரான ரொனால்டு நாக்சு பத்து விதிகளும் வகுத்தனர். துப்பறிவோன் கண்ட தடயம் எதுவும் படிப்போர்க்கு மறைக்கப்படலாகாது என்பது அவற்றின் உயிர்நிலை. அதே 1929-இல் எல்லரி குவீன் தம் முதற் புதினத்தின் இடையே கதையை நிறுத்தி, வேண்டிய செய்தி யாவும் தரப்பட்டுவிட்டன, இனி நீரே விடை காண்க என்று படிப்போரை அறைகூவினார். இந்த அறைகூவலை மட்டும் வைத்துக்கொண்டு புதினத்தை உதறிவிட்டால் எஞ்சுவது புதிர்க் கதை. 1928-இல் வெளிவந்த ‘பேஃபில் புக்’ என்னும் நூல் வினாக்களுக்கு மதிப்பெண்ணும் வகுத்து, குற்றத்தைத் தேர்வுத்தாள் ஆக்கியது. 1936-இல் டென்னிசு வீட்லி ஒருபடி மேற்சென்று, மயிரும் தீக்குச்சியும் கறைபட்ட துணியும் ஏட்டிலேயே ஒட்டி ஒரு நூலை விற்கச் செய்தார். அது புதுமையே, இலக்கியம் என்று சொல்ல நா எழவில்லை.

நம் நாட்டில் இதற்கு முன்வடிவம் இல்லையோ எனின், உண்டு. அலகேசன் கதையில் வரும் நால்வர், தாம் காணாத ஒட்டகம் ஒன்றனை நொண்டி என்றும், ஒற்றைக் கண்ணுடையது என்றும், வால் குறுகியது என்றும் கூறுகின்றனர். அக்கதையைப் பண்டித நடேச சாஸ்திரி ஆங்கிலத்திற் பெயர்த்தார். 1889-இல் கிளவுசுடன் என்பார் தொகுத்த கீழ்நாட்டுக் கதை நூலில் அது இடம்பெற்றது. இதே ஒட்டகம் 1557-இல் வெனிசு நகரில் அச்சான சேரன்தீவு இளவரசர் மூவர் கதையிலும் நடந்து செல்கின்றது. 1747-இல் வால்டேர் அதனை நாயும் குதிரையுமாக மாற்றிக்கொண்டார். ஆயினும் இக்கதைகளுக்கும் புதிர்க் கதைக்கும் அமைப்பில் ஒரு வேற்றுமை உண்டு. ஒட்டகக் கதையில் முடிபு முன்னே வரும். ஏது பின்னே வரும். ஒரு பக்கத்து இலை மட்டும் மேயப்பட்டிருந்தமையால் மறுகண் குருடு என அறிந்தோம் என்று அவர்கள் விளக்கும்போது நாம் வியக்கின்றோம். நம்மை எவரும் வினவவில்லை. புதிர்க் கதையிலோ ஏது முன்னே கிடக்கும். அதனை முடிபோடு இணைக்கும் வேலை நம்முடையது. வேதாளக் கதைகளில் வினா உண்டு எனினும், அவ்வினா அறத்தைப் பற்றியது. நடந்தது யாது என்பதைப் பற்றியதன்று.

தொல்காப்பியர் பிசியை இரு வகைப்படுத்தினார். ஒன்று உவமையை அடியாகக் கொண்டது. மற்றொன்று தோன்றும் ஒன்றனைச் சொல்லி, அதனாற் பிறிதொன்றைத் துணியச் செய்வது. புதிர்க் கதையை இவ்விரண்டாம் வகையின் பேரப்பிள்ளை எனலாம். நன்னூலார் உத்திகளுள் இறுதியாக வைத்த உய்த்துணர வைப்பும் இதற்கு இயைந்த பெயரே.

இனி ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். டொனால்டு சோபால் என்னும் அமெரிக்கர் 1963-இல் ‘என்சைக்ளோபீடியா பிரவுன்’ என்னும் சிறுவனைப் படைத்தார். ஐடாவில் என்னும் கற்பனை ஊரின் காவல் தலைவருடைய மகன் அவன். முதல் நூலிலேயே உள்நாட்டுப் போர்க்கால வாள் ஒன்றைப் பற்றிய கதை இருக்கின்றது. தளபதி ஜாக்சனுக்கு அவருடைய வீரர் பரிசளித்தது என அவ்வாளைக் கைமாற்ற முயல்கின்றனர். புல் ரன் முதற்போரில் அவர் கற்சுவர் போல் நின்றமை பாராட்டி அளித்ததாக அதில் எழுத்துப் பொறித்துள்ளது. நாள் 1861 ஆகசுடு. வாள் போலி என்கின்றான் சிறுவன். எங்ஙனம்? அவ்விடத்து இரண்டாம் போர் 1862-இல்தான் நிகழ்ந்தது. ஆகவே 1861-இல் எவரும் ‘முதல்’ என்று பொறித்திரார். மேலும், அப்போரை ஆற்றின் பெயரால் புல் ரன் என்றவர் வடவர். தென்னவராகிய ஜாக்சன் படையினர் ஊர்ப்பெயரால் மனாசசு என்றனர்.

இவ்விரண்டு ஏதுக்களும் ஒரு தன்மையவல்ல. இரண்டாவது, அமெரிக்க வரலாறு கற்றார்க்கே புலப்படும். கதையைப் பன்முறை படித்தாலும் அதனுள்ளிருந்து அது கிடையாது. முதலாவதோ பொதுவறிவாற் பெறத்தக்கது. இரண்டாவது பிறக்கும்வரை எதுவும் முதலாவது எனப் பெறாது என்பதைச் சிறு குழந்தையும் உணரும். ‘முதல்’ என்னும் சொல் தனியே நின்றால் குற்றமில்லை. 1861 என்னும் ஆண்டு தனியே நின்றாலும் குற்றமில்லை. இரண்டும் ஒருங்கே நிற்கும்போதுதான் மாறுகோள் பிறக்கின்றது. தடயம் என்பது பொருளன்று, இரு கூற்றுக்களுக்கிடையே உள்ள உறவு என்பதைச் சோபால் நன்குணர்ந்திருந்தார். இது பற்றியே இக்கதையை அவருடைய சிறந்த கதைகளுள் வைக்கத் துணிகின்றேன்.

இம்மதிப்பீட்டோடு நிறுத்திவிடவே முதலில் எண்ணினேன். ஆனால் ஒரு நூற்பெயர் தடுத்தது. ரெப்பிங்டன் என்னும் ஆங்கிலப் படைத்துறை எழுத்தாளர், 1914-இல் தொடங்கி 1918-இல் முடிந்த போரைப் பற்றிய தம் நூலுக்கு ‘முதல் உலகப் போர்’ என்றே பெயரிட்டார். அந்நூல் வெளிவந்தது 1920-இல். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதோ 1939-இல். இரண்டாவது நிகழுமுன்னரே ‘முதல்’ என எழுதப்பட்டதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. ஐடாவில் சிறுவனிடம் இந்நூலைக் காட்டினால், பத்தொன்பது ஆண்டு முந்திய போலி என்று அவன் எறிந்துவிடுவானோ? வருவதை எதிர்நோக்கும் ஒருவர் அச்சொல்லை ஆளக்கூடும். ஆதலின் வாளின் முதல் ஏது, தோற்றத்திற்கு வன்மையுடையதேயன்றி, தனித்து நின்று மெய்ப்பிக்க வல்லதன்று. அதனைத் தாங்கி நிற்பது, புறத்தறிவு வேண்டுவதென யாம் குறைத்துப் பேசிய மனாசசே. அறிவுக்கு இனிய தடயம் ஒன்றாகவும் மெய்க்கு உதவும் தடயம் மற்றொன்றாகவும் இருத்தலை இக்கதை, தன்னையறியாமலே போலும், காட்டிவிடுகின்றது.

புதிர்க் கதைகளின் பெருங்குறை பிறிதொன்று. சோபாலின் ‘இரண்டு நிமிடப் புதிர்கள்’ முதலியவற்றில் அடிக்கடி பயிலும் அமைப்பு இது: சாட்சி ஒருவர் நிகழ இயலாத ஒன்றைச் சொல்வார், உடனே அவரே குற்றவாளி எனத் தீர்ப்பாகும். இவ்வாறு ஒன்றை நாமே புனைந்து பார்ப்போம். அமாவாசை இரவில் விளக்கின்றி நின்ற காவலன், ஓடிய திருடன் உடுத்திருந்த துணி சிவப்பு என்கின்றான். அவன் பொய் கூறினான் என்பது தெளிவு. ஆனால் பொய் கூறினமையும் திருடினமையும் ஒன்றா? உறங்கிக் கிடந்தமையை மறைக்க அவன் கதை கட்டியிருக்கலாம். பொய்யினின்று குற்றத்திற்குச் செல்லும் வழியில் பாலம் இல்லை; ஆசிரியருடைய ஆணையே அங்குப் பாலமாகின்றது. விடை ஒன்றே என்று பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதனால் நாம் தாண்டிவிடுகின்றோம்.

நம் காலவாராய்ச்சியில் இத்தகைய தாண்டல் நிகழவில்லையா? ‘ஓரை’ என்னும் ஒரு சொல்லை வைத்துத் தொல்காப்பியத்தைப் பிற்காலத்ததாக்கியோர் உளர். அது கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியே வந்தது என்பது அவர் கொள்கை. தமிழ்ச் சொல்லே என மறுத்தோரும் உளர். எவர் கூற்று வென்றாலும், ஒரு சொல்லின் காலம் நூல் முழுமைக்கும் காலம் ஆகுமா என்னும் வினா எஞ்சியே நிற்கும். வாளில் எழுத்துப் பொறித்தல் ஒரு நாள் தொழில். ஒரு சொல் பொய்த்தால் பொறிப்பு முழுதும் பொய்க்கும். ஏட்டுச் சுவடியோ பல நூற்றாண்டு பல கைகள் படியெடுத்தது. அங்கே ஒரு சொல் பிந்தியதாயின், அச்சொல்லோ அந்நூற்பாவோ பிந்தியது என்பதற்கு மேல் நாம் சொல்லக்கூடியது சிறிதே.

சிலப்பதிகாரம் இன்னும் கடுமையான சோதனை. இலங்கைக் கயவாகு வேந்தனைப் பற்றிய குறிப்பைப் பற்றியோர் அதனை இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்தினர். மதுரை எரியுண்ட நாளின் திதியையும் மீனையும் கிழமையையும் கணித்த சுவாமிக்கண்ணுப் பிள்ளை 756-ஆம் ஆண்டைக் கண்டார். ஒரே நூல், இரண்டு தடயம், இரண்டு விடை. இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டு. பின்பக்கத்தைப் புரட்டி விடை காணும் வசதியும் நமக்கில்லை.

அக்காப்பியத்தின் உள்ளேயே ஒரு நல்ல புதிர் கிடப்பதை இவ்விடத்துச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. கோவலனிடம் சிலம்பு இருந்தது. அது அரசியின் சிலம்பை ஒத்திருந்தது. பாண்டியன் அதனோடு நின்றுவிட்டான். ஒப்புமை, கள்வன் என்னும் கொள்கைக்கும் பொருந்தும், கள்வன் அல்லன் என்னும் கொள்கைக்கும் பொருந்தும். ஆகவே அது தடயமே அன்று. கண்ணகி கூறிய கூற்றோ இரண்டையும் பிரித்துவிடுகின்றது. அரசியின் பரல் முத்து, அவள் பரல் மாணிக்கம். உடைத்தால் ஒன்றுதான் தெறிக்கும். ஒரு தடயம் போதுமா என்பது எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. மாறுபட்ட கொள்கைகளை அது பிரிக்கின்றதா என்பதைப் பொறுத்தது. சோபாலின் கதைகளுள் இச்சோதனைக்கு நிற்பன சிலவே. நிற்கும் சிலவற்றை முதுகலை வகுப்பில் ஆராய்ச்சி முறை பயிற்றப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

அங்ஙனம் பயன்படுத்த வேண்டின் மொழிபெயர்ப்பில் ஓர் இடர் உண்டு. வாள் கதையைத் தமிழாக்கும்போது ‘முதற்போர்’ என்று எழுதினால், உள்நாட்டுப் போரின் தொடக்கப் போர் என்றும் அது பொருள்படும். புல் ரன் உண்மையிலேயே அப்போரின் முதற் பெருஞ்சமர், ஆகவே 1861-இலேயே அவ்வாறு பொறிப்பதில் தவறு ஏதுமிராது, புதிர் சாய்ந்துவிடும். மேலே யான் எழுதிய சுருக்கத்திலும் இக்குறை உள்ளது. ‘முதலாம் புல் ரன் போர்’ என்று மாற்றினால் புதிர் நிமிரும். ஆனால் ‘ஆம்’ என்னும் அவ்வீறே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும்.