தொழுவமும் திணையும்

முல்லைத் திணையை அறியாத தமிழ் மாணவர் இலர். காடும் காடு சார்ந்த இடமும், கார்காலம், மாலைப்பொழுது, மாயோன், இருத்தல் என்று அவர்கள் தடையின்றி ஒப்பிப்பர். தேர்வுத்தாளில் அதற்குரிய மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆயின், அந்நிலத்து மக்கள் விடியலில் எழுந்தது முதல் இரவில் கண்ணயரும்வரை என்ன செய்தனர், எதை உண்டனர், எதை விற்று எதை வாங்கினர் என்று கேட்டால் விடை வருவதில்லை. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, யாழ் ஆகியவற்றோடு தொழிலையும் 'செய்தி' என்னும் சொல்லால் சேர்த்தே எண்ணினார். திணையைக் கற்பிக்கையில் நாம் தெய்வத்தைச் சொல்கிறோம், பூவைச் சொல்கிறோம், தொழிலை மட்டும் 'ஆநிரை மேய்த்தல்' என இரு சொற்களில் முடித்துவிடுகிறோம்.

அந்த இரு சொற்களை விரித்துக் காண முயல்வதே இக்கட்டுரை. கால்நடை வளர்க்கும் குடும்பத்தின் அன்றாட வாழ்வைத் தமிழிலக்கியம் எங்கே உண்மையாகக் கண்டது, எங்கே காணாது கடந்தது என்பன ஈண்டு ஆராயப்படும்.

மோரும் நெய்யும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்ட நெடும்பாட்டு. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணன் கடந்து போகும் நிலங்களுள் ஆயர் குடியிருப்பும் ஒன்று. அங்கே ஒரு பெண் விடியற்காலையில் தயிர் கடைகிறாள். மத்தின் ஒலி புலியின் உறுமல்போல் எழுகிறது. வெண்ணெயை எடுத்தபின் மோர்ப்பானையைச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு விற்கச் செல்கிறாள். மோருக்கு மாற்றாகக் கிடைத்த உணவுப்பொருளால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போதோ பொன்னைக் கொள்ள மறுத்து, எருமையும் நல்ல பசுவும் கரிய நாகும் பெறுகிறாள்.

இப்பகுதியை ஆயர்குலப் பெண்ணின் எளிமைக்குச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். பொன்னாசை அற்றவள் என்று பாராட்டிவிட்டு அப்பால் செல்வர். புலவர் காட்டுவது அதுவன்று என்றே தோன்றுகிறது. மோர் நாள்தோறும் மிஞ்சுவது. நெடுநாள் வைத்திருக்க இயலாதது. ஆகவே அஃது அன்றைய வயிற்றுக்குப் போகிறது. நெய் சிறிது சிறிதாகச் சேர்வது, கெடாமல் நிற்பது, ஆகவே அது நாளைய தொழுவத்துக்குப் போகிறது. பொன் கன்று ஈனாது, பால் சுரவாது. நாகு வளர்ந்து கறவையாகும். அவள் பொன்னை மறுத்தது துறவினால் அன்று, கணக்கினால். ஒரு குடும்பத்தின் வரவு செலவை இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் காட்டிய பகுதிகள் நம் இலக்கியத்தில் மிகச் சிலவே.

அதே பாட்டில் இடையனும் வருகிறான். அவன் அடியில் செருப்பின் வடு. கையில் கோல் ஊன்றிய காய்ப்பு. தோளில் உறிக்காவடி சுமந்த தழும்பு. ஒற்றை ஆடையோடு காட்டில் நிரையுடன் தங்குகிறான். கடைந்தெடுத்த தீயினால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து வாசிக்கிறான். குழலிசையை மட்டும் எடுத்து ஓவியம் தீட்டும் நாம், அந்த மூன்று வடுக்களையும் விட்டுவிடுகிறோம். புலவர் விடவில்லை. வடுக்களை முதலில் கூறிக் குழலைப் பின்னர் வைத்த முறையே அவர் பார்வையின் நேர்மைக்குச் சான்றாகும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. அக்குடியிருப்புக்கு வரும் விருந்தினர்க்குத் தினைச்சோறும் பாலும் கிடைக்கும். இடையனுக்கோ கூழே உணவு. குறுந்தொகையின் 221ஆம் பாட்டிலும் இதனையே காண்கிறோம். உறையூர் முதுகொற்றனார் பாடிய அப்பாட்டில், ஆட்டிடையன் பாலைக் கொணர்ந்து வீட்டில் சேர்த்துவிட்டுக் கூழைப் பெற்று மந்தைக்குத் திரும்புகிறான். அவன் தலையில் சூடியிருக்கும் முல்லையரும்பைக் கண்டு, கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லையே என்று தலைவி வருந்துகிறாள். கறந்தவன் பாலைக் கொடுத்துக் கூழை உண்கிறான் என்பது பாட்டின் மையமன்று. போகிற போக்கில் வந்து விழுந்த செய்தி. எனினும், புலவர் அவ்வாழ்வை அறிந்தவராதலின் அது வந்து விழுந்தது.

காத்திருக்கும் மூவர்

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில் அமைந்தது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. போருக்குச் சென்ற தலைவன் திரும்புவானோ எனக் கலங்கும் தலைவிக்காக, முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தில் நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அப்போது சிறுகயிற்றில் கட்டுண்டு வருந்தும் இளங்கன்றை நோக்கி ஆயர்மகள் ஒருத்தி, கோவலர் பின்னின்று ஓட்டிவர உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்கிறாள். அச்சொல்லை நன்னிமித்தமாகக் கொண்டு பெண்டிர் தலைவியைத் தேற்றுகின்றனர்.

இக்காட்சியின் ஆழம் தொழுவத்தை அறிந்தார்க்கே முழுதும் விளங்கும். கன்று ஏன் கட்டப்பட்டிருக்கிறது? தாயுடன் மேயவிட்டால் கறவைக்குப் பால் எஞ்சாது. ஆகவே பகலெல்லாம் பிரிந்திருப்பதும், மாலையில் மடி கனக்கத் தாய் திரும்புவதும் பால்வளர்ப்புக் குடும்பத்தின் அன்றாட நிகழ்ச்சி. பிரிவு ஒரு தேவையினால் நேர்கிறது. மாலை வந்தால் அது தீரும். தலைவியின் பிரிவும் அவ்வாறே தீரும் என்பது குறிப்பு. உரிப்பொருளாகிய இருத்தல் கருப்பொருளாகிய தொழிலின்மேல் அன்றோ நிற்கிறது! தொழிலை அகற்றிவிட்டால் நிமித்தம் வெறும் தற்செயலாகிவிடும்.

இங்கே காத்திருப்பவர் இருவரல்லர், மூவர். தலைவியும் கன்றும் தேற்றப்படுகின்றனர். தேற்றும் ஆயர்மகளோ குளிரால் நடுங்கும் தோள்களைக் கைகளால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளும் நிரை வரும்வரை நிற்க வேண்டியவளே. அவளைத் தேற்றுவார் எவரும் பாட்டில் இல்லை. அவள் தன் சொல் அரண்மனைக்குச் சென்றதையும் அறியாள். புலவர் அவளது நடுக்கத்தை ஒரு தொடரில் காட்டிவிட்டுப் பாசறைக்குச் சென்றுவிடுகிறார். அதனைக் குறையென்று கூறுவதற்கில்லை. அப்பாட்டின் நோக்கம் வேறு. ஆனால், அத்தொடரை வகுப்பில் நின்று காட்டாமல் போவது நம் குறையாகும்.

கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவுதலால் புகழ்பெற்றது. அதில் ஆயருக்குள்ளேயே உயர்வு தாழ்வு பேசப்படுவதையும் கருத வேண்டும். ஆட்டினம் மேய்க்கும் புல்லினத்தாயர் மகனிடம், தன் சுற்றத்தார் குடம் நிறையக் கறக்கும் நல்லினத்தாயர் என்கிறாள் ஒருத்தி. எந்த விலங்கை வளர்க்கிறார் என்பதைக் கொண்டு மனிதர் அளக்கப்பட்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. முல்லை நிலம் வேறுபாடற்ற இன்பநிலம் என்னும் எண்ணம் நாம் ஏற்றிக் கூறியதே.

மாதரியின் முறை

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை, அரண்மனை முரசொலியோடு தொடங்குகிறது. அதைக் கேட்ட மாதரி, அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை இன்று நம்முடையது என்று மகள் ஐயையை அழைத்துக் கடைகயிறும் மத்தும் கொண்டு வருகிறாள். அன்று பால் உறையவில்லை, உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் சோர்கிறது, ஆட்டுமறி துள்ளவில்லை, கறவையின் கழுத்துமணி அறுந்து வீழ்கிறது. தீங்கு வரப்போகிறது என்று உணர்ந்த ஆய்ச்சியர், கறவையும் கன்றும் துயர் நீங்குக எனக் குரவை ஆடுகின்றனர்.

இளங்கோவடிகள் இதற்கு முன்பே ஒரு செய்தியை வைத்திருக்கிறார். சிலம்பு விற்கச் சென்ற கோவலன்மேல் எருது ஒன்று பாய வந்தது. அது தீநிமித்தம் என்பதை அவன் அறியவில்லை. அவன் குலத்தார்க்கு அவ்வறிவு இல்லை. வணிகன் பொன்னை அறிவான், மாட்டை அறியான். ஆய்ச்சியர் மாட்டை அறிவர், அரண்மனையை அறியார். எந்த அரண்மனைக்கு மாதரி முறை தவறாமல் நெய் அளந்தாளோ, அதே அரண்மனையின் ஆணை அவள் வீட்டு விருந்தினன் உயிரைக் கவர்ந்தது. இவ்விரண்டையும் அடிகள் சேர்த்து விளக்கவில்லை; அருகருகே வைத்தார். அடைக்கலப் பொருளைக் காக்க இயலாத மாதரி பின்னர்த் தீயில் புகுந்தாள் என்பதைக் காப்பியம் கூறுகிறது. நெய்முறை என்னும் சிறு செய்தியை விட்டுவிட்டுப் படிப்பவர்க்கு இக்கொடுமையின் கூர்மை புலப்படாது.

பெயரற்ற மேய்ப்பர்

மேற்கண்ட பாட்டுகளில் மேய்ப்பவரும் உடையவரும் ஒரே குடும்பத்தார். விலங்கு வேறொருவருடையதாகவும் உழைப்பு மட்டும் தன்னுடையதாகவும் இருந்தால் முல்லை என்னாகும்? இவ்வினாவுக்குப் பழம்பாட்டுகளில் விடை அரிது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அவ்விடை கிடைத்தது.

கொங்கு நாட்டுக் கவுண்டர் ஒருவரின் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் தாழ்த்தப்பட்ட சிறுவனே கதைத்தலைவன். அவனும் அவனையொத்த சிறாரும் காட்டில் கூடுகின்றனர், கிணற்றில் நீந்துகின்றனர், பனையின் பயன்களை நாடி அலைகின்றனர், இரவில் பட்டிக்குக் காவல் கிடக்கின்றனர். கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி என்பன அவர்களை அழைக்கும் பெயர்கள். இவை உடலின் அடையாளங்களேயன்றி மனிதர்க்கு அன்போடு இடும் பெயர்கள் அல்ல. சங்கப்புலவர் இடையனின் மேனியில் கண்ட வடு உழைப்பினால் வந்தது. இச்சிறார்க்கோ உடலின் குறையே பெயராகிவிட்டது.

ஆசிரியர் இவர்தம் துன்பத்தை மட்டும் எழுதியிருந்தால் நாவல் முறையீட்டு மனுவாய் முடிந்திருக்கும். ஆட்டின் மேய்ச்சலையும் வெயிலின் ஏற்றத்தையும் சிறாரின் விளையாட்டையும் அவர் பொறுமையுடன் எழுதுகிறார். முல்லையின் இனிமை அங்கேயும் இருக்கிறது. ஆனால், அந்த இனிமை பண்ணையாரின் ஒரு குரலில் கலைந்துபோகும். பண்ணையார் மகன் செல்வனோடு கூளையன் கொள்ளும் நட்பின் முடிவும் துயரமானதே. இந்நாவலை 'மண்வாசனை' மிக்கது என்று கூறி நிறுத்திக்கொள்வது போதாது. மண்ணின் வாசனையோடு, அம்மண் யாருடையது என்னும் வினாவும் இதில் எழுகிறது.

2016இல் வந்த அவரது 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' ஒருபடி மேலே செல்கிறது. எளிய கிழவன் கிழவி வளர்க்கும் கருப்பு வெள்ளாட்டுக் குட்டியே அதில் தலைமைப் பாத்திரம். குட்டிக்கும் அரசிடம் காது குத்திப் பதிவு பெற வேண்டியிருக்கிறது. மழை பொய்த்தால் ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே பசி. 'மாதொருபாகன்' குறித்த எதிர்ப்பினால் 2015இல் எழுத்தைத் துறப்பதாக அறிவித்த ஒருவர், மனிதரைப் பற்றி எழுத அஞ்சி ஆட்டைத் தேர்ந்ததாக முன்னுரையில் கூறுகிறார். சில இடங்களில் உருவகம் கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. அங்கே ஆடு ஆடாக இல்லாமல் கருத்தாகிவிடுகிறது. ஈற்று வேதனையையும் தீனித் தட்டுப்பாட்டையும் எழுதும் பகுதிகளிலோ ஆடு ஆடாகவே நிற்கிறது. நூலின் வலிமை அப்பகுதிகளில்தான் உள்ளது.

நம் வகுப்பறை

இவற்றையெல்லாம் அடுக்குமாடி வீடுகளில் வளரும் மாணவர்க்கு எவ்வாறு உணர்த்துவது என்று ஆசிரியர்கள் வினவலாம். தொடங்குவதற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூரில் கண்டாங் கெர்பாவ் என்னும் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் நடந்த கால்நடைத் தொழிலின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. மலேசியத் தோட்டங்களில் லயத்தின் பின்புறம் மாடும் ஆடும் வளர்த்த குடும்பங்கள் பல. காலையில் பால்மரம் சீவியவர் மாலையில் புல்லறுத்தனர். கறந்த பாலை விற்றுச் செலவுக்குக் காசு தேடினர். மாடு அவர்களுடையது, அது கட்டப்பட்டிருந்த நிலமோ அவர்களுடையதன்று. தோட்டங்கள் கைமாறியபோதும் வீட்டுமனைகளாக மாறியபோதும் இடமின்றி விற்கப்பட்டவை அம்மாடுகள். மாணவரின் பாட்டன் பாட்டியருள் எவரேனும் அவ்வாழ்வை அறிந்திருத்தல் கூடும். முல்லைத் திணையைப் பாடமாக நடத்தும் நாளில், கன்றை ஏன் கட்டினீர்கள், பாலை யார் குடித்தார்கள், மாட்டை விற்ற காசு எதற்குச் சென்றது என்னும் மூன்று வினாக்களை வீட்டில் கேட்டு வரச் செய்தால் போதும். நப்பூதனாரும் உருத்திரங்கண்ணனாரும் அவர்களுக்கு அயலாராய் இரார்.

இலக்கியத்தில் கணக்குப் பார்ப்பது சுவையைக் கெடுக்கும் என்பர் சிலர். கணக்கை முதலில் எழுதியவர்கள் புலவர்கள்தாம். நாம்தான் அதைக் கிழித்துவிட்டுப் பூவை மட்டும் வைத்துக்கொண்டோம். மோர்ப்பானையின் சுமையை அறிந்தவர்க்குக் குழலின் இனிமை குறைவதில்லை. அக்குழல் யாருடைய களைப்பை ஆற்றியது என்பதும் அவர்க்குத் தெரியும். அத்தகைய வாசகரை உருவாக்குவது தமிழாசிரியர் கையில் இருக்கிறது.