அங்கீகரிக்கப்பட்டது – யாரால்? ஒரு கல்லூரிக் கையேட்டின் மீது திறனாய்வு



கருத்துணர் பகுதியை எப்படிப் படிக்கச் சொல்கிறோம்? கேள்வியை முதலில் பார், பிறகு பனுவலுக்குப் போ என்கிறோம். கல்விக் கண்காட்சியில் வாங்கிவரும் கையேட்டை மட்டும் நம்ம பிள்ளைங்க கேள்வியே இல்லாமல் படிக்கிறார்கள். சென்ற தவணையில் படிவம் 6 மாணவி ஒருத்தி வழவழப்பான கையேடு ஒன்றை என் மேசையில் வைத்து, “டீச்சர், இது பயோ எஞ்சினியரிங்தானே? பேரு நல்லா இருக்கு, போட்டுடவா?” என்றாள். அதை அன்று இருவரும் ஒரு பனுவலாகவே படித்தோம். அந்த வாசிப்புதான் இது. கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம். இப்படிப்பட்ட கையேடுகள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை.

படங்களைத் தள்ளிவிட்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘புதுமை படைப்பீர்கள்’, ‘எதிர்காலத்தை வடிவமைப்பீர்கள்’. வினைமுற்று கம்பீரமாக நிற்கிறது. என்ன புதுமை, எந்தக் கருவி, யாருக்காக என்று கேட்டால் பதில் இல்லை. இதையே ஒரு மாணவன் கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் ‘விளக்குக’ என்று போடுவோம். (‘என் எதிர்கால ஆசை’ கட்டுரைகளில் இதே வாக்கியங்கள் வருவதையும் கவனித்திருப்பீர்கள். அங்கே மட்டும் நாம் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறோம்.)

எனக்கு உறுத்திய சொல் வேறு: ‘அங்கீகரிக்கப்பட்ட பட்டம்’. மலாய்ப் பக்கத்தில் ‘டிஇக்திராஃப்’. இரண்டும் செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினையில் செய்தவர் பெயரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம் என்பதை வகுப்பில் சொல்லித் தருகிறோம். இங்கே அந்த விட்டுப்போன பெயரில்தான் பிள்ளையின் நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது.

மலேசியாவில் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் ஒன்று, பொறியியலுக்கு இ.ஏ.சி. அங்கீகாரம் வேறொன்று. இ.ஏ.சி. என்பது மலேசியப் பொறியாளர் வாரியத்தின் கீழ் இயங்கும் குழு. பொறியாளர் பதிவுச் சட்டம் 1967-இல் வந்தது. அதன்படி ‘பட்டதாரிப் பொறியாளர்’ என வாரியத்தில் பதிய, வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டம் வேண்டும். வாஷிங்டன் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2006-இலும் மலேசியா 2009-இலும் முழு உறுப்பியம் பெற்றன. உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்ட அங்கீகாரத்தை மற்றொன்று மதிக்கும் ஏற்பாடு அது. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: இந்த அங்கீகாரம் பல்கலைக்கழகம் முழுமைக்கும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனியாக, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை பட்டம் பெறுவோருக்கு என்று பட்டியலில் இருக்கும். புதிய படிப்பு என்றால் முதல் அணி இறுதியாண்டுக்கு வரும்போதுதான் முழு மதிப்பீடே நடக்கும்.

பட்டத்தின் பெயரையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். ‘சர்ஜானா மூடா கெஜுருதெரான்’ பொறியியல் பட்டம். ‘சர்ஜானா மூடா தெக்னோலொஜி கெஜுருதெரான்’ பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். அதற்கான பதிவு வேறு, பட்டியலும் வேறு. ‘சர்ஜானா மூடா சைன்ஸ்’ அறிவியல் பட்டம். கையேட்டின் அட்டையில் மூன்றுமே ‘பயோ’ என்று பெரிய எழுத்தில்தான் வரும்.

என் பழைய மாணவன் ஒருவன் இந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டான். அப்பா கே.டபிள்யூ.எஸ்.பி. பணத்தை எடுத்துக் கட்டினார். படித்து முடித்து, வேலைக்கும் போய், பொறியாளராகப் பதியலாம் என்று பாரத்தைத் திறந்தபோதுதான் தன் பட்டம் வேறு பட்டியலில் இருப்பது தெரிந்தது. அவனுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதியது நான்தான். படிப்பின் பெயரைக் கையேட்டிலிருந்து அப்படியே பார்த்து எழுதினேன், ‘தெக்னோலொஜி’ உட்பட. கண்ணில் பட்டது, மனதில் படல.

சரி, ‘உயிரியல் பொறியியல்’ என்றால்தான் என்ன? இடத்துக்கு இடம் மாறும். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் உயிரியல், வேளாண் பொறியியல் ஒரே துறை. 1931-இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். நீர்ப்பாசனம், பண்ணை இயந்திரம், அறுவடைக்குப் பின் பதப்படுத்துதல் அங்கே முக்கியம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருப்பது உயிர்மருத்துவப் பொறியியல்: செயற்கை உறுப்புகள், மருத்துவக் கருவிகள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பெயரே. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதே ‘உயிரியல் பொறியியல்’ என்ற பெயரில் செல்லையும் மூலக்கூறையும் படிக்கிறார்கள். டிராக்டர் பக்கம் போக விரும்பாத பிள்ளை பெயரை மட்டும் நம்பி முதல் விருப்பத்தில் போட்டால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

கையேட்டுக்கு நியாயமும் செய்ய வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பாடப்பட்டியல் இருந்தது. அந்தக் கையேட்டில் நேர்மையான பக்கம் அதுதான். முதலாண்டில் நுண்கணிதம், நிலையியல், நிரலாக்கம்; அடுத்து வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல். உயிரியல் பிடிக்கும், கணக்கு ஆகாது என்று வருகிற பிள்ளைக்கு அட்டையில் உள்ள நுண்ணோக்கிப் படம் காட்டாததை இந்தப் பட்டியல் காட்டுகிறது. கண்காட்சியில் யாரும் இந்தப் பக்கத்தைத் திறந்து விளக்குவதில்லை.

அங்கீகாரம்தான் எல்லாம் என்று சொல்லும் ஆசிரியர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வுக்கூடத்தில் நொதிகளோடு வாழ ஆசைப்படும் பிள்ளைக்கு உயிரித்தொழில்நுட்ப அறிவியல் பட்டமே பொருத்தம். பொறியாளர் பதிவு அவளுக்கு எதற்கு? ஆனால் அதை அவள் தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தால் அதற்குப் பெயர் வேறு.

அன்று மாணவி கையேட்டின் பின்னட்டையில் நான்கு கேள்விகள் எழுதினாள். இந்தப் படிப்பின் முழுப்பெயர் என்ன? இ.ஏ.சி. பட்டியலில் எந்த ஆண்டுவரை உள்ளது? தொழிற்பயிற்சி எத்தனை வாரம், எங்கே? விரிவுரையாளர்களில் எத்தனை பேர் பொறியாளராகப் பதிந்தவர்கள்? மறுநாள் இடைவேளையில் என் எதிரிலேயே கல்லூரிக்குத் தொலைபேசினாள். முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது. இரண்டாவதைக் கேட்டதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு, “அங்கீகரிக்கப்பட்டதுதான்மா” என்றார்கள்.

“யாரால்?” என்று கேட்டாள்.